தண்ணீர் கேன் பெற்ற தொண்ணூற்றொன்பது

கவனம் இல்லாத மனிதன் எந்தச் செயலையும் திருந்தச் செய்ய மாட்டான். இது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே ஓர் அலுவலகம் தன் பணியாளர்களின் கவனத்தைப் பெருக்க விரும்பியதென்றால், அதை நாம் குறைகூறுவதற்கில்லை. நல்ல நோக்கம் நல்ல நோக்கமே. அந்த நோக்கத்திற்கு ஒரு தனித்துறை அமைத்து, அத்துறைக்கு ஒரு கருவியும் வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதே இக்கதை.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடியில் அந்த நிறுவனம் இருந்தது. மின்தூக்கிகள் எந்த மாடியில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் கணினி நிரல்களை அங்கே எழுதினார்கள். எழுதியவர்களுள் ஒருவரை எல்லோரும் ரீங்காரம் என்று அழைத்தார்கள். வேலை செய்யும்போது உதடு பிரியாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். நிரல் சிக்கிக்கொண்டால் மெட்டு கீழே இறங்கி ஒரே இடத்தில் சுற்றும். சிக்கல் அவிழ்ந்தால் மேலே ஏறும். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரையைப் பார்க்காமலேயே வேலையின் நிலவரத்தை அறிந்துகொண்டார்கள். இதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

பக்கத்து மேசைக்காரருக்கு ஒயர் என்று பெயர். ஒலிக் கருவிகளின் மீது பற்று கொண்டவர். அவருடைய ஹெட்போனுக்கும் கணினிக்கும் நடுவே வெள்ளியால் செய்த ஒயர் ஒன்று சென்றது. அது மேசையைத் தொட்டால் ஒலி அழுக்காகிவிடும் என்பதால், சிறு பீங்கான் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் அதைக் கிடத்தியிருந்தார்.

"என்னய்யா பாட்டு ஓடுது?" என்று ரீங்காரம் ஒருநாள் கேட்டார்.

"பாட்டா? பாட்டை யாரு கேட்டா? நான் ஒயரைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ஒயர் எப்படி இருக்கு?"

"இன்னும் நூறு மணி நேரம் ஓடணும். அப்பத்தான் பழகும். இப்ப கொஞ்சம் கூச்சப்படுது."

ஒரு ஜால்ராத் தட்டலின் நாற்பது நொடிகளை ஐந்து மாதங்களாகக் கேட்டுவந்தவர் அவர். தட்டலுக்கு அடுத்து என்ன வரும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

இவ்விருவரும் இவ்வாறு அமைதியாக வாழ்ந்துவந்த காலத்தில்தான் மனிதவளத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது.

'பணியாளர் நலனைக் கருத்திற்கொண்டு' என்று அது தொடங்கியது. அவ்வாறு தொடங்கும் எந்தச் சுற்றறிக்கையையும் நின்றுகொண்டு படிக்கலாகாது. நாற்காலியில் அமர்ந்துகொள்வது நல்லது. இனி ஒவ்வொருவரும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை நிறுவனம் வழங்கும் செவிக்கவசத்தை அணிந்திருக்க வேண்டும். செவிக்கவசம் என்பது ஹெட்போன்தான். அதில் அங்கீகரிக்கப்பட்ட இசை ஒலிக்கும். அதாவது மழை பெய்யும். மழைக்கு நடுவே யாரோ ஒருவர் ஒரே விரலால் பியானோ வாசிப்பார். அணிந்தவர் பேசினாலோ, தலையைத் திருப்பினாலோ, எழுந்து நடந்தாலோ கருவி அதனைக் கவனச்சிதறல் எனக் குறித்து மதிப்பெண்ணைக் குறைக்கும். எல்லோருடைய மதிப்பெண்ணும், அதாவது ஒருமுகக் குறியீடும், நுழைவாயிலில் உள்ள பெரிய திரையில் தெரியும். குறியீடு தொண்ணூறுக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு மட்டுமே அரைநாள் விடுப்பு.

கடைசி வரியைப் படித்தபோது ரீங்காரத்தின் மெட்டு நின்றது.

வருகிற வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவருடைய மகளின் பள்ளியில் இசை நிகழ்ச்சி. ஒன்பது வயதுப் பெண். முதன்முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள். அதற்கு முன் இருமுறை குழுவில் பாடியிருந்தாள். இரண்டுக்கும் அப்பாவால் போக முடியவில்லை. "இந்தத் தடவையும் வரலேன்னா இனிமே உன்னைக் கூப்பிடவே மாட்டேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, பல் தேய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவரைக் கலக்கியது. மூன்று வாரம் முன்பே விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

செவிக்கவசம் அணிந்த முதல் நாள் அவருடைய குறியீடு முப்பத்தொன்று. முணுமுணுப்பைக் கருவி பேச்சு என்று எடுத்துக்கொண்டது. முணுமுணுக்காமல் இருந்தாலோ வேலை ஓடவில்லை. நிரலைச் சோதிக்க மேசையில் வைத்திருந்த சின்னப் பொம்மை மின்தூக்கி, யாரும் அழைக்காமலே நான்காம் மாடிக்கு மூன்று முறை போய்க் கதவைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்பியது.

அவர் மனிதவள அலுவலரைப் பார்க்கப் போனார். அந்த அம்மையார் கண்ணியமானவர். எவரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்.

"மேடம், நான் பேசல. வேலை ஓடினா தானா வாய்ல ஒரு மெட்டு வரும். அவ்வளவுதான்."

"அது சிதறல்னு பதிவாகுது சார்."

"ஆனா அப்பத்தானே மேடம் வேலை நடக்குது?"

"வேலை நடக்குதான்னு பார்க்க வேற துறை இருக்கு. நாங்க கவனத்தை மட்டும்தான் பார்க்கிறோம்."

"வியாழக்கிழமை பொண்ணு பாடறா மேடம். மூணே நிமிஷம்."

"மனசுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு சார். தொண்ணூறு வாங்கிட்டு வாங்க."

இவ்வுலகில் அநியாயம் செய்கிறவர்கள் எல்லோரும் கடுகடுப்பானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். புன்னகையோடு கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் சாத்திய கதவை நாம் நன்றி சொல்லிவிட்டுத்தான் கடக்கிறோம்.

திங்கட்கிழமை மதியம் ரீங்காரம் முகம் கழுவுவதற்காகத் தேநீர் அறைக்குப் போனார். செவிக்கவசத்தை வைக்க இடமில்லை. அங்கே இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று தாங்கியின் மேல் கவிழ்ந்து நின்றது. அதன் மேல் மாட்டினார். முகம் துடைப்பதற்குள் கீழ்த்தளத்திலிருந்து அழைப்பு வந்தது: உண்மையான மின்தூக்கி ஒன்று உண்மையாகவே நான்காம் மாடிக்குப் போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறதாம். ஓடினார். திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

நுழைவாயில் திரையின் முன் சிறு கூட்டம். அவருடைய பெயர் பட்டியலின் அடியிலிருந்து கிளம்பி நடுப்பகுதிக்கு வந்திருந்தது. மேலும் ஏறிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. கேன் பேசவில்லை. தலையைத் திருப்பவில்லை. எழுந்து நடக்கவில்லை. அருகில் இருந்த வெந்நீர்க் கருவியின் சூட்டில் அது மனித உடலின் வெதுவெதுப்போடும் இருந்தது. யாரேனும் தண்ணீர் பிடித்தால் உள்ளே 'குளுக்' என்று ஒரு குமிழி எழும். அதைக் கருவி 'ஆழ்ந்த மூச்சு' என்று பதிந்து, அதற்கெனத் தனியே மதிப்பெண் கூட்டியது.

இதன்பின் ரீங்காரம் செய்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அவர் செவிக்கவசத்தைக் கேனிலிருந்து எடுக்கவில்லை. இது குற்றமே. அதிகாரத்தை ஏமாற்றுகிறவன், அதிகாரத்திற்குத் தன்னை ஏமாற்றும் வழியையும் கற்றுக்கொடுத்துவிடுகிறான். ஆனால் அந்த மூன்று நாட்களும் அவர் படிக்கட்டில் மடிக்கணினியோடு அமர்ந்து, வாய்விட்டு முணுமுணுத்து, நான்காம் மாடிச் சிக்கலை அடியோடு தீர்த்தார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

புதன்கிழமை காலை அவருடைய குறியீடு தொண்ணூற்றொன்பது. அலுவலகத்திலேயே முதலிடம்.

"எப்படிய்யா?" என்று ஒயர் அவரைப் படிக்கட்டில் மடக்கினார். ரீங்காரத்திற்குப் பொய் வராது. சொல்லிவிட்டார்.

ஒயர் சிரிக்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார். "தண்ணி! எனக்கு ஏன் தோணல? தண்ணி அதிர்வை எல்லாம் உள்ள இழுத்துக்கும்ய்யா. அதான் ஒயருக்கு ஏத்த மேடை. நான் பீங்கான்ல காசைக் கொட்டிட்டு இருக்கேன் பாரு."

"ஒயரு, அது ஒண்ணும் கேட்கல. அது கேன்."

"அதான் சொல்றேன். அதுக்கு எந்த முன்முடிவும் இல்ல. அப்படி ஒரு காது கிடைக்குமா?"

மாலைக்குள் தேநீர் அறையில் ஏழு கேன்கள் வந்துவிட்டன. ஊற்றுநீரா, சுத்திகரித்த நீரா, எது கவனத்திற்கு உகந்தது என்று இரண்டு கட்சிகள் பிறந்தன. முழுக்கேனைவிட முக்கால் கேனில் 'ஆழ்ந்த மூச்சு' அதிகம் என்று ஒருவர் அட்டவணை போட்டு எல்லோருக்கும் அனுப்பினார். குடிப்பதற்குத்தான் தண்ணீர் இல்லை. குடித்தால் மட்டம் குறையும் என்று தடுத்துவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்கே ரீங்காரத்தின் விடுப்பு அனுமதிக்கப்பட்டிருந்தது. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது தாள் வந்தது.

'ஒருமுக மாமணி விருது வழங்கும் விழா. தலைமை அலுவலக இயக்குநர் முன்னிலை வகிக்கிறார். முதலிடம் பெற்றவர் மேடையில் இருத்தல் கட்டாயம். நாள்: வியாழன். நேரம்: மாலை நான்கு மணி. மேற்படி அலுவலரின் விடுப்பு, அவர் அடைந்த சிறப்பின் காரணமாக இரத்து செய்யப்படுகிறது.'

தொண்ணூறு வாங்காதவருக்கு விடுப்பு இல்லை. தொண்ணூற்றொன்பது வாங்கியவருக்கும் இல்லை. அவர் நேராக மனிதவள அலுவலரின் அறைக்குச் சென்று, உட்காரச் சொல்வதற்கு முன்பே உண்மையைச் சொன்னார்.

"மேடம், அந்தத் தொண்ணூத்தொன்பது என்னுது இல்ல. தண்ணி கேனுது."

அம்மையார் பேனாவை எடுத்தார். "கேனுக்குப் பணியாளர் எண் இருக்கா?"

"இல்ல மேடம்."

"எண் இல்லாத யாரும் மதிப்பெண் வாங்க முடியாது. மதிப்பெண் வந்திருக்கு. அப்ப வாங்கினது நீங்கதான்."

"நான் மூணு நாளா படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன் மேடம்!"

"பதிவுல இல்லையே."

"சரி, ஏமாத்தினதுக்குத் தண்டனையாவது கொடுங்க. விழாவுலேர்ந்து நீக்குங்க."

"முதலிடம் வந்தவருக்கு எப்படி சார் தண்டனை கொடுக்கிறது? அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. நீங்க நேர்மையானவர்னு எனக்குத் தெரியும். ஆனா அறிக்கைய விட நேர்மையா இருக்காதீங்க."

மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதுகிறவருக்கு ஒரு பயிற்சி உண்டு. விதி எதைச் சொல்கிறதோ அதை மட்டும் படிக்க அவருக்குத் தெரியும்.

"மேடம், மேடைல யார் இருக்கணும்னு விதியில என்ன வார்த்தை போட்டிருக்கு?"

அம்மையார் கோப்பைப் புரட்டினார். "'முதலிடம் பெற்றவர் எனில் செவிக்கவசம் அணிந்திருப்பவர்'னு இருக்கு."

"அதை அணிஞ்சிருக்கிறது கேன்."

அம்மையார் அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு அவர் முகத்தில், கணக்கு சரியாக வந்த மாணவியின் ஒளி பரவியது.

"அப்ப கவசம் மேடைல இருந்தா, நீங்க மேடைல இருக்கீங்க."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போகலாமா மேடம்?"

"நீங்க எங்கயும் போக முடியாது சார். நீங்க மேடைல இருக்கீங்க." சற்று நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "மேடைல இல்லாத நீங்க எங்க போனாலும் அது எங்க துறைக்குத் தெரியாது."

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு ரீங்காரம் கிளம்பினார். ஏழு மாடியையும் படியிலேயே இறங்கினார். மின்தூக்கி இருந்தது, அதன் நிரலை எழுதியவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

விழா சிறப்பாக நடந்ததாக ஒயர் பின்னர் தெரிவித்தார். கேனைத் தள்ளுவண்டியில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார்களாம். இயக்குநர் அதைக் கண்டு தயங்கவில்லை. எதைக் கண்டும் தயங்காதவர் என்பதால்தான் அவர் அந்தப் பதவியில் இருந்தார். கேனின் கழுத்தில் பதக்கத்தை மாட்டிவிட்டுப் பேசினார்: "இவரிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. நிறைவாக இருக்கிறார். ஆனால் பொங்கவில்லை. கேள்வி கேட்டுக் குறுக்கிடவில்லை. இடமாற்றம் கோரவில்லை. வைத்த இடத்தில் இருக்கிறார்." அந்த இடத்தில் கேன் 'குளுக்' என்றதாம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்கலங்கியதாகவும் கேள்வி.

ரீங்காரம் பள்ளி வாசலை அடைந்தபோது மணி நான்கு பத்து. நிகழ்ச்சி தொடங்கிவிட்டது, மகளின் பாட்டு ஆறாவது. மூச்சு வாங்கிக்கொண்டு அரங்கக் கதவைத் தள்ளினார். இசை ஆசிரியை வழிமறித்து ஒரு ஹெட்போனை நீட்டினார்.

"இதை மாட்டிக்கிட்டு உள்ள போங்க சார்."

"இங்கயுமா?"

"போன வருஷம் பின்வரிசைக்குக் கேட்கலைன்னு புகார் சார். இப்ப பசங்க பாடறது நேரா காதுக்கே வந்துடும். சுருதி விலகினா அதுவே சரி பண்ணிக்கும். வரி மறந்துட்டா, பயிற்சியில நல்லா பாடினதை எடுத்து அந்த இடத்துல ஒட்டிடும்."

"அப்ப பசங்க எதுக்குங்க மேடைல?"

ஆசிரியை வியந்தார். "பார்க்க வேணாமா சார்?"

ரீங்காரம் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றார். இருநூறு பெற்றோர் செவிகளை மூடி, கண்களையும் மூடி, முகத்தில் மந்தகாசத்தோடு வீற்றிருந்தார்கள். முன்வரிசையில் அவருடைய மனைவியும் அவ்வாறே அமர்ந்திருந்தார். அரங்கில் மின்விசிறியின் சத்தமும், மேடையில் ஒரு பையனின் மெல்லிய குரலும் மட்டும் கேட்டன. பையன் சுருதியை விட்டு வெகுதூரம் போயிருந்தான். இருநூறு தலைகள் அவனுக்காக இன்பமாக அசைந்தன.

பிறகு மகள் வந்தாள். விளக்கு அவள் கண்ணில் அடித்தது. பாடினாள். சின்னக் குரல். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. இரண்டாம் சரணத்தின் தொடக்கத்தில் நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டது.

ஒரு நொடி. இரண்டு. மூன்று. அவள் அரங்கத்தைப் பார்த்தாள். ஒருவர் முகமும் மாறவில்லை. அவர்கள் காதுகளில் அவள் அழகாகப் பாடிக்கொண்டிருந்தாள். மைக்கில் வாய் அசைத்தால் போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும். எச்சிலை விழுங்கினாள். முதல் சரணத்தின் கடைசி வரிக்குத் திரும்பிப் போனாள். அங்கிருந்து ஓடிவந்து தாவுகிறவளைப் போல இரண்டாம் சரணத்தைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் குரல் உடைந்தது. உடைந்தபடியே மேலே ஏறியது.

சுவரோடு நின்றவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டு முடிந்ததும் தன்னை மறந்து கைதட்டினார். பாராட்டுவதற்கான அறிவிப்பு ஹெட்போனில் இன்னும் வரவில்லையாதலால் வேறு யாரும் தட்டவில்லை. மேடையில் நின்றவள் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு பின்புறம் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் பேருந்தில் மூவருக்கும் இடம் கிடைத்தது. பள்ளியிலிருந்து ஒலிப்பதிவு அம்மாவின் போனுக்கு அதற்குள் வந்திருந்தது. மகள் அதை மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருந்ததும்மா," என்றார் ரீங்காரம். "ரெண்டாவது சரணத்துல நின்னுட்டு, அப்புறம் நீயா திரும்பப் பிடிச்சே பாரு. அதான் எல்லாத்தையும் விட நல்லா இருந்தது."

மகள் ஒலிப்பதிவை நிறுத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல அவள் உதடு பிரிந்தது.

"எங்கங்க நின்னா?" என்றார் மனைவி. "நான் முதல் வரிசைல உட்கார்ந்து கேட்டேன். தேன் மாதிரி ஒரே ஓட்டமா பாடினா. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

"நீ ஹெட்போன்ல கேட்ட. நான் நேர்ல கேட்டேன்."

"எங்கேர்ந்து கேட்டீங்க? எல்லாம் முடிஞ்சப்புறம் வாசல்ல நின்னீங்க. அப்பத்தான் வந்தீங்கன்னு நினைச்சேன்."

"பின்னால நின்னுட்டு இருந்தேன்!"

அப்போது போன் மணியடித்தது. பள்ளியின் செய்தி. மகள் எழுத்துக்கூட்டாமல் தெளிவாகப் படித்தாள்.

"'அன்புடையீர். தங்கள் குழந்தையின் நிகழ்ச்சியைத் தாங்கள் கேட்ட விவரம் பின்வருமாறு. தாய்: செவிப்புலன் ஈடுபாடு தொண்ணூற்றேழு. தந்தை: பூஜ்யம். வருகை தரவில்லை.'"

அவள் போனை மடியில் வைத்தாள். "அப்பா, நீ வரவே இல்லையாம்."

"வந்தேன் கண்ணு. நீ மறந்துட்டு, எச்சிலை முழுங்கிட்டு, முதல் சரணத்துக்குத் திரும்பிப் போனே. இல்லையா? நீயே சொல்லு."

அன்பர்களே, அந்த அரங்கில் நடந்ததை அறிந்தவர் உலகில் இருவரே. அவர்களில் ஒருத்தி தன் கையில் இருந்த பதிவைப் பார்த்தாள். அதில் அவள் மறக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவிடமும் அவள் மறக்கவில்லை. அப்பாவிடம் மட்டும்தான் மறந்திருந்தாள். ஒன்பது வயதில் எவரும் இதைத்தான் தேர்ந்துகொள்வார்கள். நாற்பத்தொன்பதில் நாமும் வேறு எதையும் தேர்ந்துகொண்டதில்லை.

"நான் மறக்கல," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "நீ வரல. வராம இருந்துட்டு சும்மா சொல்றே."

"ஏங்க, குழந்தைய அழ வைக்கிறீங்க?" என்றார் மனைவி. "வரலேன்னா வரலேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. நேர்மையைப் பற்றி நான் இதுவரை எழுதிய அனைத்தையும் அந்த மனிதரிடம் அப்போது படித்துக் காட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

"ஆமாம்மா," என்றார் ரீங்காரம். "வரல. ஆபீஸ்ல ஒரு விழா. மேடைலதான் இருந்தேன். தப்புதான். அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன்."

உண்மைக்குக் கிடைக்காத மன்னிப்பு இதற்கு உடனே கிடைத்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள். ஒலிப்பதிவை மறுபடியும் ஓடவிட்டு, ஒரு காதுக்கான ஒயரைத் தன் கையாலேயே அவர் காதில் செருகினாள்.

"அடுத்த தடவை வந்தா மாட்டிக்கிட்டுக் கேளுப்பா," என்றாள். "அதுலதான் நான் நல்லா பாடுவேன்."